கெடா ஒன்று, பங்காளி பூஜ்யம்

ஓசூரில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மச்சான் பிரபாகர் அவர்களுக்கு, பாப்பாரப்பட்டி புளி வியாபாரம் பச்சியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே மழை இல்லை, புளிக்கு விலை இல்லை, உங்கள் அக்கா சசிகலாவுக்கு மூட்டுவலி. இவை போக மற்றதெல்லாம் சௌக்கியம். இவை போக என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள், என்னிடம் பதில் இல்லை. அங்கே உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் இருக்கும் இந்தப் பாறைக் கரட்டில் சிக்னல் கிடையாது, அது ஒன்று. இருந்தாலும் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் "பெல் அடிச்சிட்டாங்க மாமா" என்று வைத்துவிடுவீர்கள், அது இன்னொன்று. கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், என்னைப் போல.

போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது, குழம்பு மறுபடி வாங்கிக்கொண்டே ஒரு கணக்குச் சொன்னீர்கள். எந்த எண்ணையும் பூஜ்யத்தால் வகுக்க முடியாது, வகுத்தால் விடையே கிடையாது என்றீர்கள். நான் சிரித்தேன். "மச்சான், பத்து மூட்டை புளி இருக்குதுங்க. வாங்க ஒருத்தனும் வர்ல. பத்த சைபரால வகுத்தா பத்து. மூட்ட பூரா குடோன்லயேதான் கெடக்கும். இதுல என்னாங்க விடை இல்ல?" என்று கேட்டேன். "மூட்ட கெடக்குதுங்க மாமா, நான் இல்லைங்கல. ஆளுக்கு எத்தனை மூட்டைங்கிறதுதான் கேள்வி. ஆளே இல்லாதப்ப ஆளுக்கு எத்தனைன்னு எப்பிடிச் சொல்வீங்க?" என்றீர்கள். "அப்ப சைபர்னு போடுங்க." "ஆளுக்கு சைபர்னு சொல்லவும் ஆளு வேணுமுங்களே." உடனே நான், விடை இல்லாத கணக்கைச் சொல்லித்தரத்தான் அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறதா என்று கேட்டேன். பந்தியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அக்காகூடச் சிரித்தாள். நீங்கள் பாயசம் வாங்காமல் இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

இன்று சொல்கிறேன், நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் ஒரு மனுஷனுக்குச் சாப்பாட்டு இலையிலேயே புரிந்திருக்க வேண்டியது, இருபத்திரண்டு கிலோ கறிக்குக் காவல் உட்கார்ந்த பிறகுதான் புரிகிறது என்றால் அது யார் குற்றம்? வாத்தியார் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

நான் இப்போது எங்கள் குலசாமி கரட்டு முனியப்பன் கோயிலில், என் மினி வேனின் பின்கதவை இறக்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். எதிரே ஈரச் சாக்குக்குக் கீழே கறி. கறியைச் சுற்றி நாய்கள். மரியாதையான நாய்கள்தான், வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, சண்டை சச்சரவு இல்லை. இந்த ஒழுங்கில் பாதி எங்கள் பங்காளிகளிடம் இருந்திருந்தால் நான் இந்நேரம் வீட்டில் படுத்திருப்பேன்.

நீங்கள் பெண் கொடுத்த வகை. எங்கள் சாமி வழக்கம் உங்களுக்குத் தெரிய நியாயம் இல்லை, சொல்லிவிடுகிறேன். பங்காளிகள் மொத்தம் பன்னிரண்டு தலைக்கட்டு, அதாவது பன்னிரண்டு குடும்பம். வருஷத்துக்கு ஒரு குடும்பம் முறை வைத்துக் கெடா கொடுக்கும். கொடுத்தவனுக்குக் கறியில் கூறு கிடையாது, குங்குமம் மட்டும். மீதிப் பதினொரு வீட்டுக்கும் பதினொரு தேக்கிலை போட்டு, கறியைக் கண்பார்வையாகவே சமமாகக் கூறு வைக்க வேண்டும். பங்காளியில் ஒருத்தர் கறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கெடா கொடுத்தவன் ஒரு இலையைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பான். அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டின் பேரைச் சொல்வார். அவருக்கு எந்த இலை என்று தெரியாது, அதனால் எலும்பு எனக்கு வந்தது, ஈரல் அவனுக்குப் போனது என்று யாரும் வாய் திறக்க முடியாது. எங்கள் முன்னோர் ஒருவரை ஒருவர் எந்த அளவுக்கு நம்பினார்கள் என்பது இதிலிருந்தே உங்களுக்கு விளங்கும். இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. கூறு போடாத கறி கோயில் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. அதைச் சமைக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, விற்கக் கூடாது. கடைசியில் உள்ளதை நான் சேர்த்து எழுதவில்லை, பூசாரிதான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இந்த வருஷம் என் முறை. நான் சாதாரணக் கெடா பிடிக்கவில்லை. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு விவசாயி காட்டில் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, தூக்கிப் பார்த்து வாங்கினேன். தலை, கால், குடல், தோல் எல்லாம் போக இருபத்திரண்டு கிலோ கறி நின்றது. பதினொரு வீடு என்றால் வீட்டுக்கு இரண்டு கிலோ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. ஆனால் இப்போது பதினொரு வீடு எங்கே இருக்கிறது?

கோயிலுக்குத் தகரக் கொட்டகை போட்டதும் தண்ணீருக்குப் போர் போட்டதும் நான்தான். அதிலிருந்து கோயில் பேச்சு என் கைக்கு வந்துவிட்டது. பேச்சு கைக்கு வந்தபின் ஒரு வியாபாரி சும்மா இருப்பானா? வகுத்தல் என்பதை நான் உற்றுப் பார்த்தேன். மேலே இருக்கிற கெடாவைப் பெருக்க வேண்டுமென்றால் காசு வேண்டும். கீழே இருக்கிற ஆளைக் குறைக்க வாய் போதும். இரண்டிலும் பங்கு பெரிதாகிறது. பெங்களூரு, ஓசூர் என்று போய்விட்ட நாலு வீட்டுக்காரர்கள் பொங்கல் வைக்க வருவதில்லை, கூறு வாங்க மட்டும் காரில் வருகிறார்கள், கேட்டால் கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் போட்டு "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்கிறார்கள். அவர்களை நீக்கினேன். பதினொன்று ஏழானது. இதே அளவுக் கெடா என்றால் இருபத்திரண்டின் கீழ் ஏழு. அது நீங்கள் வட்டத்துக்குப் போடுகிற கணக்காம், பூசாரியின் மகள் சொன்னாள். எங்களுக்கு அது ஆளுக்கு மூன்று கிலோவுக்கு மேலே. அன்று மீதி இருந்தவர்கள் எனக்கு மாலை போட்டார்கள் மச்சான். பொய் இல்லை, போட்டோ இருக்கிறது.

அப்புறம் முள் வெட்ட வராத வீடு, சுண்ணாம்பு அடிக்க வராத வீடு என்று பார்த்து இன்னும் நாலு வீட்டை நீக்கினேன். போன தடவை மாலை போட்ட கைகள் அவற்றில் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் மீதி இருந்த எங்களுக்குப் பங்கு ஏழு கிலோவைத் தாண்டியது. உள்ளே இருக்கிறவனுக்கு இந்தக் கணக்கில் குறையே தெரியாது, அதுதான் இதன் குணம். கீழ் எண் இறங்க இறங்க மேலே சந்தோஷம் ஏறிக்கொண்டே போகிறது. எங்கே போய் நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் என்னைக் கழித்தால் மூன்றே வீடு. சித்தப்பா மகன் மாரியப்பன் ஒன்று, பெரியப்பா பேரன் அருள்குமார் ஒன்று, செத்துப்போன என் அண்ணன் வீடு ஒன்று. அண்ணன் வீட்டில் இருப்பது நஞ்சம்மாள் அண்ணி ஒருவர்தான். இண்டூரில் அவர்கள் மகள் வீட்டோடு இருக்கிறார்கள். சித்திரையில் கூட்டம் போட்டபோது, ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்குத் தலைக்கட்டுக் கணக்கு இல்லை, பழைய வழக்கம்தான் என்று நான் சொன்னேன். மாரியப்பனும் அருள்குமாரும் வேகமாகத் தலையாட்டினார்கள். இருபத்திரண்டை மூன்றால் வகுத்தால் மீதி விழுகிறது, இரண்டால் வகுத்தால் சுத்தமாகப் பதினொன்று. அண்ணி புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து, பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்கள்.

ரெண்டு பேர் மிஞ்சியதும் என்ன ஆயிற்று என்றால், என்னிடம் கற்றுக்கொண்ட வித்தையை அவர்கள் என்னிடமே காட்டினார்கள். மாரியப்பன் குடோனுக்கு வந்து, "அண்ணா, அருள்குமார் போன வருஷம் கோயிலுக்குச் செருப்புக் காலோட வந்தான், நான் கண்ணால பாத்தேன். அவன் வந்தா நான் வர்லீங்க" என்றான். சாயங்காலம் அருள்குமார் வந்து, "மாரியப்பன் சித்தப்பன் சேர்க்கை சரியில்லீங்க சித்தப்பா, அவங்க நிக்கிற எடத்துல நான் நிக்க மாட்டேனுங்க" என்றான். இப்போது நீங்களே சொல்லுங்கள், ஒரு வியாபாரி இரண்டு கிராக்கியிடமும் என்ன சொல்வான்? மாரியப்பனிடம், "அருள்குமார் வரமாட்டான், முழுக் கெடாவும் உனக்கே, சத்தம் போடாம வந்துரு" என்றேன். அருள்குமாரிடமும் அதையேதான் சொன்னேன், பேரை மட்டும் மாற்றி. யார் முதலில் வருகிறானோ அவனுக்கு இருபத்திரண்டு கிலோ, ஒன்றால் வகுத்தால் வகுபடுவது அப்படியே வரும், சண்டை தீர்ந்தது என்பது என் திட்டம். ஆனால் இரண்டு பேரும் பாப்பாரப்பட்டி டீக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பரம விரோதிகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொன்னதை ஒருத்தனுக்கு ஒருத்தன் ஒப்பித்திருக்கிறார்கள், பறையடிக்க வந்தவர்கள் போகும்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை. என்னால் இந்தக் குலத்தில் உண்டான ஒரே ஒற்றுமை அதுதான், அதுவும் எனக்கு எதிராக.

இது எனக்குத் தெரியாமல் காலையிலேயே கெடாவை வெட்டச் சொல்லிவிட்டேன். பூசாரி மாதையன், "யாராச்சும் ஒருத்தர் வரட்டுமுங்களே" என்றார். "வந்துருவாங்க, நேரம் தப்பக் கூடாது" என்றேன். வெட்டியவர் தோலை வாங்கிக்கொண்டு சைக்கிள் ஏறிவிட்டார். பறையடித்தவர்கள் யாருக்கு அடிப்பது என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாய்களுக்கு அடித்தார்கள், பிறகு அவர்களும் போய்விட்டார்கள். உங்கள் அக்கா பெரிய அண்டாவில் சோறு வடித்து வைத்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்ததும் என் முன்னால் வந்து நின்றாள். "ஏங்க, ஊருக்கே வடிச்சிருக்கேன். தின்ன நீங்களும் பூசாரியும். உங்க கணக்குப்படி ஆளுக்கு அரை அண்டா. ஊட்டி உடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, மூட்டுவலியோடு விந்தி விந்தி ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். போகும்போது, "எந்தம்பி தீவாளியன்னிக்கே சொன்னான்" என்றாள். அது எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

பூசாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கூறு எத்தனைங்க?" என்றார். நான் போனை எடுத்துக் கால்குலேட்டரில் இருபத்திரண்டு, வகுத்தல், பூஜ்யம் என்று அடித்தேன். மச்சான், அது வகுக்க முடியாது என்று எழுதிக் காட்டியது. பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கிய போன். சாமிக்கு முன்னால் என் முகத்துக்கு நேரே சொன்னது. பூசாரியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தானுங்க சொல்லுது" என்றார். "எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க மாதையா" என்றேன். "எனக்குத் தலையும் காலும்தானுங்க. அது எடுத்தாச்சு. கூறு வாங்க நான் பங்காளி இல்லீங்களே." "அப்ப நான் எடுத்துக்கறேன்." "கெடா குடுத்தவருக்குக் கூறு ஏதுங்க?" "அப்ப யாருக்கும் இல்லைன்னு உட்ரலாமா?" "யாருக்கும் இல்லைன்னா கறி எங்கீங்க போவும்? கண்ணு முன்னால கெடக்குதே."

அங்கேதான் எனக்கு உங்கள் கணக்கு ஏறியது. நீங்கள் சொல்வீர்களே, வகுத்தது சரியா என்று பார்க்க விடையையும் வகுத்த எண்ணையும் பெருக்கிப் பார் என்று. கூறையும் வீட்டையும் பெருக்கினால் கெடா திரும்ப வர வேண்டும். வீட்டுக்கு இரண்டு கிலோ, பதினொரு வீடு, பெருக்கினால் கெடா எழுந்து நிற்கிறது. ஆனால் வீடு பூஜ்யம் என்றால், கூறு எவ்வளவு வைத்தாலும், ஒரு கிலோ வைத்தாலும் ஒரு லாரி வைத்தாலும், பெருக்கினால் பூஜ்யம்தான் வருகிறது. கெடா திரும்பி வருவதே இல்லை. சாக்குக்குக் கீழே கெடா, கணக்கில் கெடா இல்லை. இப்படி ஒரு சரக்கு என் முப்பது வருஷ வியாபாரத்தில் பார்த்ததில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என் சின்ன வயதில் ஒரு பஞ்சத்து வருஷம் கெடாவே இல்லை. எங்கப்பா முறை அது. வாங்க வக்கில்லை. ஆனால் பதினொரு வீட்டு ஆளும் வந்துவிட்டார்கள். அப்பா வழக்கம் விடாமல் பதினொரு தேக்கிலை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை விபூதி வைத்து, "இது யாருக்கு?" என்று கேட்டார். முதுகைக் காட்டி நின்றவர் பேர் சொன்னார். ஆளுக்கு ஒரு இலையை எடுத்துக்கொண்டு போனார்கள். பூஜ்யத்தைப் பதினொன்றால் வகுத்தால் பூஜ்யம். சுத்தமான கணக்கு. எனக்கு ஒரு துளி அதிகம் வந்தது, அவனுக்குக் குறைந்தது என்று எவனும் சொல்ல முடியாது. அன்று பசியோடுதான் போனோம், ஆனால் விடை இருந்தது. மேலே பூஜ்யம் வந்தால் கணக்கு ஏழையாகிறது, அவ்வளவுதான். கீழே வந்தால் கணக்கே செத்துப்போகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லித்தருகிறீர்களா என்று தெரியவில்லை.

கொரோனா வருஷம் கெடாவும் இல்லை, ஆளும் இல்லை. மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். அந்த வருஷத்தைப் பற்றி இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மாரியப்பன் தன் வீட்டிலேயே முறை செய்து முடித்துவிட்டதாகச் சொல்கிறான். அருள்குமார் தனக்கு இரண்டு கூறு பாக்கி என்கிறான். பெங்களூருக்காரன் ஐந்து என்கிறான். எவன் எதைச் சொன்னாலும் பெருக்கிப் பார்த்தால் பூஜ்யமாகத்தான் வருகிறது, எவனையும் பொய்யன் என்று சொல்ல முடியவில்லை. விடை இல்லாத கணக்கைவிட எல்லா விடையும் சரியாக வருகிற கணக்குதான் ஆபத்து மச்சான். அதில் வக்கீல் பிழைப்பான்.

இப்போது வெயில் கரட்டுக்குப் பின்னால் இறங்குகிறது. ஐஸ் வாங்கப் போன டிரைவர் இன்னும் வரவில்லை. நாய்களில் ஒன்று எழுந்து ஒரு அடி முன்னால் வந்து உட்கார்ந்தது. மற்றவை அதைப் பார்த்தன, அது திரும்பப் பின்னால் போய்விட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வீட்டு யோசனைகளும் வருகின்றன. மூன்று மாடி கட்டினேன். இருப்பது நானும் உங்கள் அக்காவும். ஆளுக்கு ஒன்றரை மாடி. ஏற முடியாமல் கீழேயே கிடக்கிறோம், மேலே எலி. மகள் யுவராணி சென்னையிலிருந்து, "குடோனெல்லாம் எனக்கு வேணாம்பா, நீங்களே வெச்சுக்குங்க" என்கிறாள். நானே வைத்துக்கொள்வதற்கா சம்பாதித்தேன்? ஒன்றுமில்லாதவன் பிள்ளையாகப் பிறந்து, மேலே இருக்கிற எண்ணை மட்டும் பார்த்துப் பார்த்துப் பெருக்கினேன். கீழே ஒரு எண் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஆகவே நான் எடுத்திருக்கிற முடிவு. இருட்டுவதற்குள் யாரும் வராவிட்டால், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே சாக்கை விலக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகப் போகிறேன். நாய்கள் வகுத்துக்கொள்ளட்டும், அவற்றுக்கு ஆள் பலம் இருக்கிறது. நாளை முதல் எனக்கு இந்தச் சாமியும் வேண்டாம், பங்காளியும் வேண்டாம், தகரக் கொட்டகையைப் பிரித்துக் குடோனில் போட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பூஜ்யத்தால் வகுக்க முடியாது, இது பச்சியப்பன் செய்த குற்றம் அல்ல, கணக்கின் குணமே அப்படித்தான் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூட முத்திரையும் குத்தி அனுப்புங்கள். நாளை ஊரில் நாலு பேர் கேட்டால் காட்ட எனக்கு ஒன்று வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. கரட்டு முனியப்பன் துணை என்று முடிப்பது வழக்கம். அவர் இன்றைக்கு என்னோடு பேசுகிற நிலையில் இல்லை. அதனால் உங்களுக்கு உங்கள் சாமி துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெண்கட்டிய மாமன்
பச்சியப்பன்

பின்குறிப்பு: முத்திரை குத்திய தாள் வேண்டாம். மேலே எழுதிய முடிவும் வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், மறுபடி எழுத பில் புத்தகத்தில் தாள் இல்லை, இதையே அட்டையில்தான் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நஞ்சம்மாள் அண்ணி நிற்கிறார்கள். கையில் எண்ணெய்த் தூக்கு. "எல்லாரும் போயிருப்பீங்க, ஒரு வெளக்கு வெச்சிட்டுப் போலாம்னு வந்தேன் கொழுந்தனாரே. வேன் நிக்கிது" என்றார்கள். யாரும் வரவே இல்லை அண்ணி என்றேன். அவர்கள் சாக்கைப் பார்த்தார்கள், நாய்களைப் பார்த்தார்கள், என்னையும் அந்த வரிசையிலேயே பார்த்தார்கள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கறிக்கு முதுகைக் காட்டி நின்று, "எல போடுங்க. கேளுங்க" என்றார்கள்.

பூசாரி குறுக்கே வந்து, "பொம்பளைங்க பேரு சொல்ற வழக்கம் இல்லீங்களே அம்மா" என்றார். "ஆம்பளைங்க வர்ற வழக்கமும் இல்லாமப் போச்சே மாதையா" என்றார்கள். அவர் என்னைப் பார்த்து, "இவுங்க வூட்ட நீங்கதானுங்களே நீக்குனீங்க?" என்றார். "வாயாலதான சொன்னேன், பத்திரமா எழுதிக் குடுத்தேன்? வாயாலயே வாபஸ்" என்றேன். ஒரு இலை போட்டு முழுக் கறியையும் அதில் குவிக்கப் போனேன். "எத்தனை எல?" என்று திரும்பாமலே கேட்டார்கள். ஒன்று என்றேன். "பதினொண்ணு" என்றார்கள்.

பதினொரு இலை போட்டேன். தராசு இல்லாமல், கண்பார்வையாக. ஒவ்வொன்றையும் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்டேன். அண்ணி பெங்களூரு போனவர்கள் நாலு பேரையும் சொன்னார்கள், முள் வெட்ட வராதவர்கள் நாலு பேரையும் சொன்னார்கள், மாரியப்பனை, அருள்குமாரைச் சொன்னார்கள். வருஷக்கணக்காக நான் வாயில் எடுக்காத பேர்கள், ஒன்றுகூடத் தட்டவில்லை. பதினொன்றாவது இலையைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றேன். மறுபடி கேட்டேன். முதுகு அசையவில்லை. பூசாரி வேறு பக்கம் பார்த்தார். கேட்கிறவன் பேர் சொல்லும் வழக்கம் எங்களில் கிடையாது. "எங்கண்ணன் வூட்டுக்கு" என்று நானே சொன்னேன். அப்புறம்தான் திரும்பினார்கள்.

வண்டிச் செலவைப் பதினொன்றாக வகுத்து வீட்டுக்கு வீடு வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு வார்த்தை கேட்டேன். அண்ணி பார்த்த பார்வையில் அது என் செலவாகிவிட்டது. டிரைவர் ஐஸோடு வந்துவிட்டான். அதில் வைத்து முதலில் உள்ளூர், பிறகு ஓசூர், பெங்களூரு என்று கொண்டுபோகிறான். இந்தக் கடிதமும் அதே வேனில் உங்களுக்கு வரும். பொட்டலங்களை மோந்துகூடப் பார்க்காதீர்கள், நீங்கள் பங்காளி இல்லை. வேண்டுமானால் தீபாவளிக்கு வாருங்கள், அந்தப் பாயசம் பாக்கி இருக்கிறது.

அடுத்த வருஷம் கெடா முறை அண்ணி வீட்டுக்கு. கொடுக்கிறவர்களுக்குக் கூறு கிடையாது. மீதி வீடு பதினொன்று, அதில் நான் ஒன்று.